மரகதப் பச்சையும் வாடாமல்லியும் சாம்பலும்: செமோர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வண்ண வரலாறு

முன்னுரை

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே அமைந்துள்ள செமோர், சுண்ணாம்புக் குன்றுகளும் முன்னாள் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த ஊராகும். இத்தகைய தோட்டப்புறங்களின் கோயில்களிலும் விழாக்காலச் சேலைகளிலும் மரகதப் பச்சையும் கடும் இளஞ்சிவப்பும் அடுத்தடுத்து அமைவதைக் காண்கிறோம். அவற்றுக்குப் பின்புலமாகக் குன்றின் சாம்பல் நிறம் நிற்கிறது. இச்சேர்க்கையை மிகை அலங்காரமென ஒதுக்குவாரும் உளர். தொன்றுதொட்டு மாறாது வந்த மரபெனப் போற்றுவாரும் உளர். இரு கருத்துகளும் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்துவன அல்ல என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறோம்.

சொற்கள் தரும் சான்று

தொல்காப்பிய உரியியல் குரு, கெழு என்னும் சொற்களுக்கு நிறம் எனப் பொருள் கூறுகின்றது. வண்ணம் பற்றிய சிந்தனை தமிழில் மிகத் தொன்மையானது என்பதற்கு இது சான்று. ஆயினும் பழஞ்சொற்களின் எல்லை இன்றைய எல்லையன்று. பசுமை இலையின் நிறத்தை மட்டும் குறிக்கவில்லை. பசும்பொன், பசலை ஆகிய சொற்களில் அது மஞ்சட் சாயலையும் தழுவி நிற்கிறது. இளஞ்சிவப்பு என்பதோ சிவப்பிலிருந்து ஆக்கப்பட்ட கூட்டுச்சொல். நெசவாளரும் சேலை வாங்குவோரும் கிளிப்பச்சை, இலைப்பச்சை, வாடாமல்லி எனப் பொருள்களின் பெயராலேயே நிறங்களைச் சுட்டினர். வாடாமல்லிச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். ஆகவே அந்நிறப்பெயர் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மலாய்மொழியும் இவ்வாறே இளஞ்சிவப்பை ஜம்புக் கனியோடு சேர்த்து 'மேரா ஜம்பு' என வழங்குகிறது.

சாயத் தொழிலின் மாற்றம்

சோழமண்டலக் கடற்கரைச் சாயத் தொழிலாளர் படிகாரத்தின் துணையோடு சாயவேரிலிருந்து சிறந்த சிவப்பைப் பெற்றனர். பச்சைக்கோ தனிச் சாயம் இல்லை. அவுரியின் நீலத்தின்மேல் மஞ்சட் சாயத்தை ஏற்றியே அதனைப் பெற்றனர். மஞ்சள் விரைவில் வெளிறிவிடும்; நீலம் எஞ்சும். அருங்காட்சியகங்களில் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டுத் துணிகள் பலவற்றில் இலைகள் நீலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். நிலைத்த பச்சை அன்று அரிய பொருளாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது ஐரோப்பிய வேதியியல். 1856இல் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயங்களுள் ஒன்றைக் கண்டறிந்தார். 1859இல் பிரான்சின் லியோன் நகரில் மெஜந்தா எனப் பின்னர்ப் பெயர்பெற்ற கடும் இளஞ்சிவப்புச் சாயம் உருவாயிற்று. 1877இல் மலக்கைட் பச்சை வந்தது. தமிழ்த் தொழிலாளர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக வந்தது இதற்குப் பின்னரேயாம். எனவே நாம் தொல்மரபெனக் கருதும் இவ்வொளிமிகு இணை, புலம்பெயர்வுக் காலத்தோடு ஒட்டி வளர்ந்த ஒன்று எனக் கொள்ளலாம்.

சாம்பலின் பணி

புதிய சாயத்தால் வந்தது எனினும் இத்தேர்வு கண்மூடித்தனமானதன்று. பாரிசின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த செவ்ரல், 1839இல் வெளியிட்ட நூலில், எதிர்நிறங்கள் அருகருகே அமைந்தால் ஒன்றையொன்று மிகுவிக்கும் என விளக்கினார். சாம்பல் நிறம் தன் அண்டை நிறத்தின் எதிர்ச்சாயலை ஏற்பதுபோல் தோன்றும் என்பதும் அவ்விதியின் பாற்பட்டதே. பச்சையின் அருகில் சாம்பல் சிறிது சிவந்து தோன்றும். இளஞ்சிவப்பின் அருகில் சிறிது பசந்து தோன்றும். இவ்வாறு அது இரண்டுக்கும் இடையே நடுநிலை வகிக்கிறது. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோத்து இணைக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவாளர் இவ்வெதிர்நிற உறவைத் தொழிலறிவால் கையாண்டனர்.

கிந்தா பள்ளத்தாக்கில் சாம்பலை இயற்கையே வழங்கிற்று. குன்றுகளின் சுண்ணாம்புக்கல், தோட்ட லயங்களின் துத்தநாகத் தகரக்கூரை, சுதைச் சிற்பங்களுக்கு அடிப்படையான சிமெண்டு ஆகியன அனைத்தும் அந்நிறத்தனவே. செமோரை அடுத்த குனோங் கந்தான் குன்றிலிருந்து சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டு வருகிறது. குன்றின் கல்லே சிமெண்டாகிறது. சிமெண்டின்மேலேயே கோபுரத்தின் பச்சையும் இளஞ்சிவப்பும் ஏறுகின்றன. பத்துமலையின் 272 படிகளுக்கு 2018 ஆகத்தில் பல வண்ணம் தீட்டப்பட்டபோது தேசிய மரபுடைமைத் துறை அனுமதி பற்றி வினா எழுப்பியது. சாம்பல் நிறப் பாறையின்முன் ஒளிமிகு வண்ணம் எத்துணை வலிமையுடன் தோன்றும் என்பதையும் அந்நிகழ்வு காட்டிற்று.

முடிவுரை

தோட்ட வாழ்வின் பழைய நிழற்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் உள்ளன. அவற்றில் பச்சையும் இளஞ்சிவப்பும் சாம்பலாகவே பதிந்துள்ளன. அவற்றை மட்டும் நோக்கும் மாணவர் தம் முன்னோரை நிறமற்ற வாழ்வினராகக் கருதும் நிலை ஏற்படுகிறது. மற்றொருபுறம், குடமுழுக்குதோறும் பழைய பூச்சு சுரண்டப்பட்டுப் புதிய பூச்சு ஏறுகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட இடங்களில் கோயிலே இடம்பெயர நேர்கிறது. ஆதலின் திருப்பணிக்கு முன் பழைய பூச்சின் அடுக்குகளை வண்ணப்படம் எடுத்தல் வேண்டும். மூத்தோர் நாவில் வழங்கும் நிறப்பெயர்களையும் தொகுத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு எளிதில் மேற்கொள்ளத்தக்க பணி இது. காலந்தாழ்த்தின், எஞ்சும் சான்று சாம்பல் நிறத்ததாக மட்டுமே இருக்கும்.