பிளேக் இட்ட வேலி: தென்னாப்பிரிக்க நகரங்களில் கொள்ளைநோயும் இனப் பிரிவினையும்

தென்னாப்பிரிக்காவின் இன ஒதுக்கல் 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது தொடங்கியது என்றே பொதுவாக எழுதப்படுகிறது. ஆனால் தோலின் நிறம் பார்த்து நகரைக் கூறுபோடும் வழக்கம் அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூத்தது. அதை நிலைநாட்டியதில் சுகாதார நிர்வாகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வரலாற்றாசிரியர் மேனார்ட் சுவான்சன் 1977இல் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டியது. அவர் காட்டிய தடத்தில் சற்று மேலே சென்று, நோய்க்காலத்து அவசர நடவடிக்கை எவ்வாறு நிரந்தரச் சட்டமாயிற்று, அதன் செலவை யார் சுமந்தார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1894இல் ஹாங்காங்கையும் 1896இல் பம்பாயையும் தாக்கிய பிளேக், கப்பல் வழியே உலகின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. கேப் டவுனுக்கு அது 1901இன் தொடக்கத்தில் வந்தது. அப்போது ஆங்கிலோ-போயர் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படையின் குதிரைகளுக்காக அர்ஜென்டினாவிலிருந்து இறங்கிய தீவனத்தோடு நோயுற்ற எலிகளும் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அந்த மூட்டைகளைச் சுமந்து இறக்கியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்களும் கலப்பினத் தொழிலாளர்களும். முதலில் நோயில் விழுந்தவர்களும் அவர்களே.

எலித் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898இலேயே அறிவித்திருந்தார். மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் அழுக்கும் நெரிசலும்தான் நோயின் பிறப்பிடம் என்ற கருத்து கோலோச்சியது. அழுக்கை ஒரு குறிப்பிட்ட இனத்தின் இயல்பாகவே பார்க்கப் பழகியிருந்த நிர்வாகத்துக்கு அடுத்த அடி எளிதாயிற்று. 1897ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 6,000 முதல் 7,000 வரையிலான ஆப்பிரிக்கர்களை நகரிலிருந்து பெயர்த்து, சில மைல் தொலைவிலிருந்த உய்ட்ஃப்ளுக்ட் என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை தகரக் கொட்டகைகளும் வேலியும் காவலும்தான்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பிளேக் கண்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை, வெள்ளையர்களையும் கலப்பினத்தவர்களையும் விடக் குறைவு. ஆயினும் கூட்டமாக வெளியேற்றப்பட்டவர்கள் ஆப்பிரிக்கர்களே. நோயை மட்டும் காரணமாகக் கொண்டால் இதற்கு விளக்கமே கிடையாது. பிளேக் வருவதற்கு முன்பே, 1900இல், ஆப்பிரிக்கர்களுக்குத் தனிக் குடியிருப்பு அமைப்பது பற்றி அரசுக் குழு ஒன்று ஆராய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணம் முன்பே இருந்தது. பிளேக் அதற்கு வாய்ப்பாக வந்தது.

நோய் தணிந்தபின் கொட்டகைகள் பிரிக்கப்படவில்லை. 1902இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அந்தக் குடியிருப்பு இண்டபேனி என்ற பெயரில் நிரந்தரமாயிற்று. துறைமுகத்துக்கு ஆப்பிரிக்கர்களின் உழைப்பு வேண்டும். நகருக்கு அவர்கள் வேண்டாம். இந்த முரண்பாட்டின் விலையை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். வேலைக்குப் போய்வர ரயில் கட்டணமும், கேட்டு வாங்காத கொட்டகைக்கு வாடகையும் அவர்களே கொடுக்க வேண்டும். குடியிருப்பாளர்கள் இரண்டையும் கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அப்போராட்டத்தில் முன்னின்ற ஆல்ஃபிரட் மங்கேனா பின்னர் லண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார்.

ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்தது நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 'கூலி லொகேஷன்' எனப்பட்ட பகுதியில், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்து பின்னர் வடக்கே நகர்ந்த தமிழர்களும் வாழ்ந்தார்கள். 1903இல் நகராட்சி அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. மாற்று இடம் தரவில்லை, துப்புரவையும் கவனிக்கவில்லை. சொந்த இடத்தில் இருந்தவர்கள் வாடகைதாரர்களானார்கள். நெரிசல் முன்னிலும் பெருகியது. நோய் வெடிக்கக்கூடும் என்று 1904 பிப்ரவரியிலேயே காந்தி சுகாதார அதிகாரி போர்ட்டருக்கு எழுதி எச்சரித்தார். மார்ச்சில் நுரையீரல் பிளேக் வந்தது. காந்தியும் அவருடைய தோழர் மதன்ஜித்தும் மருத்துவர் வில்லியம் காட்ஃபிரேயும் பூட்டிக் கிடந்த வீடொன்றைத் திறந்து 23 நோயாளிகளைக் கிடத்திப் பணிவிடை செய்தார்கள். அவர்களில் பிழைத்தவர்கள் இருவரே என்று காந்தியின் சுயசரிதை சொல்கிறது.

பிறகு மக்கள் கிளிப்ஸ்ப்ரூட் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டுக் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் தீக்கிரையாயின. எரிந்த நிலம் நகர மையத்தை ஒட்டியது. அங்கே நியூடவுன் என்னும் வணிகப் பகுதி எழுந்தது. கழிவுநீர்ப் பண்ணையை ஒட்டிய கிளிப்ஸ்ப்ரூட்டோ ஆப்பிரிக்கர்களின் நிரந்தரக் குடியிருப்பாகி, பிற்காலச் சொவெட்டோவின் முதல் வித்தாயிற்று. ஒரே தொற்று ஒருவரின் வீட்டைச் சாம்பலாக்கி, இன்னொருவரின் மனை மதிப்பை உயர்த்தியது. போர்ட் எலிசபெத்தில் 1903இல் நியூ பிரைட்டன் உருவானதும் பிளேக்கை அடுத்துத்தான்.

1918இன் இன்ஃபுளுவென்சா அளவில் மிகப் பெரியது. ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பிய கறுப்பினத் தொழிற்படையினரை ஏற்றிய கப்பல்கள் சியரா லியோன் வழியே கேப் டவுனை அடைந்தன. அந்த அக்டோபரை மக்கள் 'கறுப்பு அக்டோபர்' என்றார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர் ஹோவர்ட் பிலிப்ஸின் மதிப்பீடு. கிம்பர்லி வைரச் சுரங்கத்தின் மூடிய முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். இச்சாவுகளைத் தொடர்ந்து 1919இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1923இன் நகர்ப்புறப் பகுதிகள் சட்டம், 1901இல் ஒரு நகரம் செய்ததை நாட்டின் எல்லா நகராட்சிகளுக்கும் உரிய அதிகாரமாக்கியது. சேரிகள் நோய்க்கூடங்கள் என்ற உண்மையைச் சொல்லியே, சேரியில் வாழ்ந்தவர்கள் அயலார் என்ற பொய்யைச் சட்டமாக்கினார்கள்.

உடலுக்கு அப்பால் மனத்தில் பட்ட அடியைக் கணக்கெடுத்தவர்கள் குறைவு. கேப் மாகாணத்தின் சிஸ்கைப் பகுதியைச் சேர்ந்த கைம்பெண் நொன்டெத்தா இன்க்வென்க்வே அந்தக் காய்ச்சலிலிருந்து மீண்டபின், தான் கண்ட கனவுகளை இறைக்கட்டளையாக ஏற்று, மது விலக்கையும் ஒற்றுமையையும் போதித்தார். பறிகொடுத்தவர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். அரசு அதைக் கிளர்ச்சியின் முளையாகப் பார்த்தது. 1922இல் அவரை மனநல விடுதியில் அடைத்தது. பின்னர் தொலைதூரப் பிரிட்டோரியாவுக்கு மாற்றியது. அவரைப் பின்பற்றியவர்கள் அவரைக் காண நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்து சென்றார்கள். 1935இல் அங்கேயே இறந்து அனாதைக் கல்லறையில் புதைக்கப்பட்டவரின் எலும்புகள் 1998இல்தான் ஊர் திரும்பின. துக்கத்துக்கு ஆறுதல் தேடிய மக்களுக்கு அரசு தந்த பதில் இது. பிளேக் வேலிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: பாதிக்கப்பட்டவரையே ஆபத்தாகக் கருதுவது.

2020இல் கோவிட் வந்தபோது அந்நாட்டின் வரைபடம் பெருமளவு பழைய வேலிகளின்படியே இருந்தது. இன ஒதுக்கல் அரசு 1980களில் நகருக்கு வெகுதூரத்தில் உருவாக்கிய கயலிட்ஷா, கேப் டவுனில் தொற்று முதலில் குவிந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். 'வீட்டில் இருங்கள்' என்று அரசு அறிவித்திருந்த அதே காலத்தில், சூலை 1 அன்று, கயலிட்ஷாவில் ஒரு மனிதரை உடையற்ற நிலையில் அவரது குடிசையிலிருந்து நகராட்சிக் காவலர்கள் வெளியே இழுத்துப்போட்டார்கள். 1901இல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இல்லாத ஒன்று இம்முறை இருந்தது. மனித உரிமை ஆணையம் வழக்குத் தொடுத்தது. பேரிடர்க்கால அறிவிப்பு நீடிக்கும்வரை, நீதிமன்ற ஆணையின்றி யாரையும் வெளியேற்றவோ குடிசைகளை இடிக்கவோ கூடாது என்று மேற்கு கேப் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் மாதம் நகராட்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.