பெண்ணியல் கல்வியும் எண்ணப்படாத உழைப்பும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் வேரூன்றியதற்குக் கோட்பாட்டு நூல்களைவிட ஓர் அரசறிக்கையே பெரிதும் காரணம் எனலாம். மகளிர் நிலை குறித்து ஆராய 1971இல் அமைக்கப்பட்ட குழு, 1974இல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையை அளித்தது. உழைப்பாளருள் பெண்களின் பங்கு சரிந்துவருவதை அது சுட்டியது. அதே ஆண்டில் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வுப்பிரிவு தோன்றியது. தமிழகத்தில் 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பெண்ணியலை ஊக்குவித்தது.

எனினும் அச்சரிவு முழுமையும் உண்மைச் சரிவன்று. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒருவரது முதன்மைச் செயல்பாட்டையே அளவுகோலாகக் கொண்டது. வீட்டுப்பணியை முதன்மையாகக் கூறிய பெண், வயலில் களை பறித்தாலும் உழைப்பாளர் ஆகவில்லை. மானாவாரிக் கரிசல் நிலத்தில் பெண்ணுழைப்பு பருவத்தைச் சார்ந்தது. ஆகவே இங்கு இவ்வரையறை கூடுதலாகவே மறைத்திருக்கும்.

ஓட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூர் இன்று ஆயத்த ஆடைகளால் அறியப்படும் ஊர். காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் துண்டுக்கூலிக்கு வீட்டுத் திண்ணையில் நிகழுமாயின், அதே மறைப்பு மீளவும் நேரும். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கல்லூரிகளின் பெண்ணியல் ஆய்வேடுகள் மேலைக் கோட்பாடுகளைச் சுருக்கி உரைப்பதில் செலவிடும் பக்கங்களைக் கூலிக் குறிப்பேடுகளுக்கும் வாய்மொழிச் சான்றுகளுக்கும் ஒதுக்கலாம். அக்குறிப்பேடுகளோ எளிதில் கிழிந்து மறைபவை.