‘பிளாத்தா’: ஒரு ஸ்பானியச் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

அயல்மொழி கற்போர், அகராதி தரும் முதற்பொருளையே ஒரு சொல்லின் முழுப்பொருளாகக் கொள்வதுண்டு. இது எத்துணைப் பிழையானது என்பதற்கு ஸ்பானிய மொழியின் ‘பிளாத்தா’ என்னும் சொல் தக்க சான்றாகும். இதன் நேர்பொருள் வெள்ளி. அர்ஜென்டினா, சிலி, பெரு, கொலம்பியா முதலிய நாடுகளின் பேச்சுவழக்கில் இச்சொல் பணத்தைக் குறிக்கின்றது. இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொற்பிறப்பு

இலத்தீனில் வெள்ளியைக் குறித்த சொல் ‘அர்ஜெந்தும்’ என்பதாகும். பிரெஞ்சு மொழியில் இதன் வழிவந்த சொல் வெள்ளி, பணம் ஆகிய இரண்டையும் குறிக்கின்றது. ஸ்பானிய மொழியிலோ, தட்டையான உலோகத் தகட்டைக் குறித்த பேச்சு இலத்தீன் சொல்லினின்று ‘பிளாத்தா’ தோன்றி, வெள்ளியின் பெயராக நிலைபெற்றது. பணத்திற்குரிய பொதுச்சொல்லான ‘தினெரோ’வும் ‘தெனாரியுஸ்’ என்னும் உரோமானிய வெள்ளிக்காசின் பெயரினின்று வந்ததே என்பது குறிப்பிடத்தக்கது.

பொத்தோசியும் பொருள்மாற்றமும்

இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. அரசப் பதிலாளராகிய பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 1570களில் ‘மித்தா’ என்னும் கட்டாய உழைப்பு முறையை அங்கு ஒழுங்கமைத்தார். இதன்படி, குறிக்கப்பட்ட மாவட்டங்களின் பூர்வகுடி ஆடவருள் ஏழில் ஒரு பங்கினர், ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர், சுரங்கப் பணிக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அகழ்ந்த வெள்ளி பொத்தோசியிலேயே காசாக அடிக்கப்பட்டது. உலோகம் காசுக்கும், காசு பணம் என்னும் பொதுமைக்கும் ஆகிவந்தமையால் இதனை இருமடியாகுபெயர் எனலாம்.

எனினும் வெள்ளி வளம் ஒன்றே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பெருமளவில் வெள்ளி எடுத்த மெக்சிகோவின் பேச்சுவழக்கில் பணத்திற்குப் பெரிதும் வழங்குவது, கம்பளி எனப் பொருள்படும் ‘லானா’ என்பதாகும். ஆகவே பொருள்மாற்றத்திற்கு வளத்துடன் வட்டார வழக்கும் துணைநிற்றல் வேண்டும்.

நேர்பொருளின் போதாமை

1980களில் கொலம்பியப் போதைப்பொருள் கும்பல்களோடு தொடர்புற்றுப் பரவிய தொடர் ‘பிளாத்தா ஓ பிளோமோ’ என்பதாகும். இதனை ‘வெள்ளியா, ஈயமா’ எனப் பெயர்த்தால் உலோக வணிகமே தோன்றும். ‘கையூட்டா, துப்பாக்கிக் குண்டா’ என்பதே அதன் கருத்து. ஓர் உயிரச்சுறுத்தலையே நேர்பொருள் மறைத்துவிடுகின்றது.

தமிழ் ஒப்புமை

ஸ்பானிய வெள்ளிக்காசுகள் மலாய்த் தீவக வணிகத்திலும் வழங்கின. அவற்றின் பல்வெட்டு விளிம்பே ‘ரிங்கிட்’ என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் நாணய அலகு ‘வெள்ளி’ எனப்படுவதும் இவ்வெள்ளிக்காசு வழக்கோடு இணைத்து நோக்கத்தக்கது.

முடிவுரை

சொல்லின் வழக்குப்பொருளை இழிவழக்கென ஒதுக்காது, அதன் வரலாற்றோடு கற்றல் வேண்டும். ‘பிளாத்தா’வைப் பணம் என வழங்குவோர் நாவில் பொத்தோசியின் உழைப்பும் மறைந்து வாழ்கின்றது எனலாம்.