பேப்பர்ல எழுத எதுக்குல காலேஜு?

போன ஞாயித்துக்கிழமை காலைல பாளையங்கோட்டையில இருந்து சித்தி போன். வழக்கமா "சாப்ட்டியால?"ன்னு ஆரம்பிக்கிறவங்க, அன்னிக்கு நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க.

"எலே, ஒன் தங்கச்சி இஞ்சினியரிங் போமாட்டாளாம். என்னமோ இதழியலாம். நீ சொன்னா கேப்பா. பேப்பர்ல எழுதுறதுக்கெல்லாம் எதுக்குல காலேஜு?"

"பேசிப் பாக்கேன் சித்தி"ன்னு சொல்லி வச்சுட்டேன். நானே நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவாவில் ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கிறவன். படிப்புக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பத்தி அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கு? :-)

ஆனா சித்தி கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தது. ராத்திரி உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். நூறு வருஷத்துக்கும் முன்னாடி அமெரிக்காவில் பத்திரிகை ஆசிரியர்களே இதைத்தான் கேட்டிருக்காங்க. அதுக்குப் பதில் சொல்லக் கிளம்பின முக்கியமான ரெண்டு பேருமே காலேஜ் பட்டம் வாங்காதவங்க! அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி குறைவா இருக்கிற நேரமாப் பாத்துப் படிங்க.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பத்திரிகைக்காரன் ஆகணும்னா அச்சுக்கூடத்துக்குப் போகணும். தரையைக் கூட்டி, எழுத்துக் கோர்த்து, மை பூசி, ப்ரூஃப் தூக்கிட்டு ஓடி, கடைசில ஒரு நாள் ஆசிரியர் மனசு வச்சா நாலு வரி எழுதலாம். பத்திரிகைக்காரன் பிறக்கிறான், அவனை வகுப்பறையில செய்ய முடியாதுங்கிறதுதான் பெரும்பாலான ஆசிரியர்களோட கட்சி.

இதை முதல்ல மாத்திப் பார்க்க நினைச்சவர் ஆச்சரியமான ஆள். உள்நாட்டுப் போரில் தோத்துப் போன தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ. போர் முடிஞ்சதும் வர்ஜீனியாவில் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைவரா போனார். அச்சுத் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் கத்துக்க வர்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம்னு 1869-ல் யோசனை சொன்னார். மறு வருஷமே அவர் இறந்துட்டார். அந்த முயற்சியும் ரொம்ப நாள் தாங்கல.

அடுத்து வர்றவர் நமக்கெல்லாம் பரிசு மூலமா தெரிஞ்சவர், ஜோசப் புலிட்சர். ஹங்கேரியில் 1847-ல் பிறந்து, 17 வயசுல அமெரிக்கா வந்து, படையில் சேர்ந்து, அப்புறம் செயின்ட் லூயிஸில் ஜெர்மன் மொழிப் பத்திரிகை நிருபர் ஆனவர். 1883-ல் நியூயார்க்கில் 'வேர்ல்ட்' பத்திரிகையை வாங்கினார். பரபரப்புச் செய்தி போடுறதில் ஹெர்ஸ்டோட போட்டி போட்டுக்கிட்டு இவங்க ரெண்டு பேரும் அடிச்ச கூத்துக்குத்தான் மஞ்சள் பத்திரிகைன்னு பேரே வந்தது.

அப்படிப்பட்டவர் 1892-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், பணம் தர்றேன், பத்திரிகைக் கல்லூரி ஆரம்பிங்கன்னு கேட்டார். முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. ஆள் விடல. பத்து வருஷம் கழிச்சு, கண் பார்வை கிட்டத்தட்ட போன நிலையில, திரும்பப் பேசினார். 1903-ல் ஒப்பந்தம் ஆச்சு. தொகை 20 லட்சம் டாலர். கேலி செஞ்சவங்களுக்கு 1904-ல் ஒரு நீளமான கட்டுரையில் பதில் சொன்னார். டாக்டருக்கும் வக்கீலுக்கும் காலேஜ் இருக்கு, தினமும் ஜனங்களோட மூளைக்குள்ள போறவனுக்கு மட்டும் ஏன் வேண்டாம்ங்கிறதுதான் அதோட சாரம்.

இதுல ஒரு சண்டை சுவாரசியம். ஹார்வர்டு தலைவரா இருந்த எலியட், விளம்பரம், நிர்வாகம் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லித் தரலாம்னு ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுத்தார். புலிட்சர் ஒத்துக்கல. பணம் பண்றதை நான் காலேஜ் வச்சு சொல்லித்தரணுமா, சட்டம், வரலாறு, பொருளாதாரம், அறம் சொல்லிக் கொடுங்கன்னார். (பணம் பண்றது அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாதுங்கிறது வேற விஷயம்!) ஆலோசனைக் குழுவை வச்சு இன்னொரு இழுபறி. கடைசில அந்தக் கல்லூரியைப் பார்க்காமலே 1911-ல் இறந்தார். 1912-ல்தான் வகுப்பு ஆரம்பிச்சது.

அதுக்குள்ள முதலிடத்தை வேற ஒருத்தர் தட்டிக்கிட்டுப் போயிட்டார்.

மிசௌரி மாநிலத்தில் ஒரு ஊர். அதுக்கும் கொலம்பியான்னுதான் பேரு, நியூயார்க் பல்கலைக்கழகத்தோட குழப்பிக்காதீங்க. அங்க வால்டர் வில்லியம்ஸ்னு ஒரு உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர். சின்ன வயசுல அச்சுக்கூடத்துல எடுபிடியா சேர்ந்து மேல வந்தவர். அந்த மாநிலத்துப் பத்திரிகைச் சங்கத்தோட சேர்ந்து பல வருஷம் நச்சரிச்சு, 1908-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளியை ஆரம்பிக்க வச்சார். அவரே முதல் டீன். பிறகு 1931-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவர் ஆனார். பட்டம் இல்லாத ஒருத்தர் பட்டம் கொடுக்கிற இடத்துக்குத் தலைவர்.

எனக்குப் புல்லரிச்ச இடம் இதுதான். 1908 செப்டம்பர் 14, வகுப்பு தொடங்கின முதல் நாள். அன்னிக்கே மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 'யூனிவர்சிட்டி மிசௌரியன்'னு ஒரு செய்தித்தாளை வெளியே கொண்டு வந்துட்டாங்க. கல்லூரி மலர் இல்ல. ஊர் ஜனங்களுக்கான நிஜப் பத்திரிகை. நம்ம பாஷையில சொன்னா, சேர்ந்த முதல் நாளே ப்ரொடக்‌ஷன்ல கோட் ஏத்துன்னு சொல்ற மாதிரி. மருத்துவக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எப்படியோ அப்படி இதழியல் பள்ளிக்கு ஒரு பத்திரிகை. பேரைத் தப்பா போட்டா மறுநாள் காலைல அந்த ஆளே வாசல்ல வந்து நிப்பார். அதை விடப் பெரிய பரீட்சை வேற என்ன இருக்கு? அந்தப் பத்திரிகை 'கொலம்பியா மிசௌரியன்'ங்கிற பேர்ல இன்னிக்கும் வருது.

படிச்சவங்க என்ன ஆனாங்க? முதல் ஆசிரியர்களில் ஒருத்தரான சார்லஸ் ராஸ் பத்து வருஷம் சொல்லிக் கொடுத்துட்டு செயின்ட் லூயிஸ் 'போஸ்ட்-டிஸ்பேட்ச்'சுக்குப் போனார், 1932-ல் புலிட்சர் பரிசு வாங்கினார், 1945-ல் ஜனாதிபதி ட்ரூமனோட பத்திரிகைச் செயலாளர் ஆனார். பள்ளியின் முதல் பெண் பட்டதாரி மேரி பாக்ஸ்டன், 1910-ல் முடிச்சு கான்சஸ் சிட்டியில் நிருபர் ஆனார். நிறைய பேர் ஜப்பான், சீனான்னு ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போனாங்க. மாவோவை 1936-ல் நேரில் பேட்டி கண்ட எட்கர் ஸ்னோ கூட அங்க கொஞ்ச காலம் படிச்சவர்தான். விளம்பரத் துறைக்குப் போனவங்களும் உண்டு. ஆக நிருபர், ஆசிரியர் மேசை, விளம்பரம், அரசாங்கச் செய்தித் தொடர்புன்னு இன்னிக்கு இதழியல் படிச்சா கிடைக்கும்னு சொல்ற வேலைப் பட்டியல் முக்கால்வாசி அப்பவே தயார்.

நிற்க. இதோட நிறுத்தியிருந்தா இது ஒரு விளம்பரப் பதிவா போயிருக்கும். அடுத்து படிச்ச ரெண்டு சம்பவம்தான் என்னைத் தூங்க விடல.

வில்லியம்ஸ் 1914-ல் பத்திரிகையாளர்களுக்காக ஒரு உறுதிமொழி எழுதினார். பத்திரிகை பொதுமக்கள் நம்பி ஒப்படைச்ச சொத்துங்கிறதுதான் அதோட அடிநாதம். உலகம் பூரா மொழிபெயர்த்தாங்க.

1923 ஏப்ரல். அதே ஊரில் ஜேம்ஸ் ஸ்காட்ங்கிற கறுப்பினத்தவர், பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். ஒரு பேராசிரியரோட மகளைத் தாக்கினார்னு குற்றச்சாட்டு. விசாரணை நடக்கிறதுக்கு முன்னாடியே கும்பல் சிறையை உடைச்சு இழுத்துட்டுப் போய், பாலத்தில் தூக்கு மாட்டிக் கொன்னுடுச்சு. வேண்டாம்னு கெஞ்சினவர்களில் அந்தப் பெண்ணோட அப்பாவும் ஒருத்தர். நூத்துக்கணக்கில் ஜனம் வேடிக்கை பார்த்தது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தப்போ, அங்க இருந்து எல்லாத்தையும் பார்த்த சார்லஸ் நட்டர்ங்கிற இதழியல் மாணவர், பாலத்தில் இருந்து தள்ளிவிட்டவர் இவர்தான்னு குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரா சாட்சி சொன்னார். ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்த நேரம். ஜூரி 11 நிமிஷத்தில் அந்த ஆளை விடுதலை செஞ்சுட்டாங்க.

அந்தப் பையனுக்கு அந்த தைரியம் வகுப்பறையில வந்ததா, பிறப்புலயே இருந்ததா? எனக்குத் தெரியாது. ஆனா பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்றதுதான் தன் தொழில்னு அந்த வயசுல அவர் நம்பியிருக்கார்.

சரி, பள்ளியைப் பத்திப் பெருமைப்படலாம்னு நினைக்கிறீங்களா? இருங்க.

லூசில் பிளுஃபோர்டு. கான்சஸ் சிட்டியில் வளர்ந்தவர். மிசௌரி பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மாட்டாங்க, அதனால பக்கத்து மாநிலமான கான்சஸில் இதழியல் படிச்சு 1932-ல் பட்டம் வாங்கினார். கறுப்பின மக்களின் பத்திரிகையான 'கால்'-இல் வேலை. மேல்படிப்புக்காக 1939-ல் மிசௌரி இதழியல் பள்ளிக்கு விண்ணப்பிச்சார். தகுதி இருந்தது, இடம் கொடுத்துட்டாங்க. நேரில் போய் நின்னதும் தோல் நிறத்தைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அவர் விடல. 11 தடவை விண்ணப்பிச்சார், கோர்ட்டுக்குப் போனார். மாநில அரசு என்ன செஞ்சது தெரியுமா? அவரைச் சேர்க்கிறதுக்குப் பதிலா, கறுப்பின மாணவர்களுக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1942-ல் தனியா ஒரு இதழியல் பள்ளியைத் திறந்தது. மிசௌரியில் இதழியல் மேல்படிப்பையே நிறுத்தி வச்சாங்க. ஒரு பொண்ணு உள்ளே வரக்கூடாதுன்னு கடையைச் சாத்தினது எங்கயாவது உண்டா?

அந்தப் பட்டம் இல்லாமலேயே அவர் பல பத்தாண்டுகள் 'கால்' பத்திரிகையை நடத்தினார். 1984-ல் அதே பள்ளி அவருக்கு கௌரவப் பதக்கம் கொடுத்தது. 1989-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. திருப்பி அனுப்பினதுக்கும் பட்டத்துக்கும் நடுவுல சரியா 50 வருஷம். உள்ளே விடாம நிறுத்தப்பட்ட அத்தனை பேர் சார்பாவும் வாங்கிக்கிறேன்னு சொல்லித்தான் அதை வாங்கினாராம். 2003-ல் இறந்தார்.

பட்டம் இல்லாதவங்க, அச்சுக்கூடத்துல அடிபட்டு வளர்ற பையன்களுக்கு ஒரு கதவைத் திறக்கணும்னு ஆரம்பிச்ச படிப்பு, முப்பதே வருஷத்தில் ஆளைப் பார்த்து மூடுற கதவாவும் ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே கட்டடத்தில் நடந்ததுதான் கொடுமை.

நம்ம பக்கத்துக்கும் இந்தப் படிப்பு வந்து சேர்ந்த கதை ஒண்ணு இருக்கு. மிசௌரியில் படிச்சுட்டு வந்த பி.பி. சிங், 1941-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையை ஆரம்பிச்சார். ஆறே வருஷத்தில் நாடு ரெண்டாச்சு. துறை டெல்லிக்கு அகதியா வந்து, 1962-ல் சண்டிகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1947-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் படிப்பு வந்துடுச்சு. சித்தி பிறக்கிறதுக்கு முன்னாடியே!

இப்ப வேலை விஷயம். மறைச்சுப் பேசக்கூடாது. ப்யூ ஆய்வு மையக் கணக்குப்படி அமெரிக்கச் செய்தித்தாள்களின் ஆசிரியர் குழுக்களில் 2008-ல் இருந்தவங்க சுமார் 71,000 பேர். 2020-ல் சுமார் 31,000. அதே காலத்தில் இணையத்தில் மட்டும் இயங்குற செய்தி நிறுவனங்களில் 7,400 பேர் 18,000 ஆனாங்க. போனதுல கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் திரும்பி வந்தது. இன்னொரு பக்கம், புலிட்சரோட பள்ளியில ஒரு வருஷப் படிப்புக்கு வாழ்க்கைச் செலவும் சேர்த்தா லட்சம் டாலரைத் தாண்டும். அதே பள்ளியில 2011-ல் இருந்து இதழியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்து ஒரு இரட்டைப் பட்டம் ஆரம்பிச்சாங்க. (அதைப் படிச்சப்போ அடியேனுக்கே லேசா ஆசை வந்தது. வீட்ல சொல்லல.)

ஆக, சித்தி கேள்விக்கு என் பதில்? எழுதக் காலேஜ் வேண்டாம். ஆனா தப்பு பண்ண ஒரு இடம் வேணும். பேரைத் தப்பா போட்டு, மறுநாள் திட்டு வாங்கி, திருத்தம் வெளியிட்டு, மறுபடி தெருவில் இறங்கிற இடம். முதலாளி சம்பளம் கொடுத்துக்கிட்டே அதைச் சொல்லிக் கொடுக்கிற காலம் மலையேறிடுச்சு.

தங்கச்சிகிட்ட இதைத்தான் சொன்னேன். "வேலை கிடைக்கும்னு நம்பிப் போகாத. கூடவே சட்டமோ புள்ளியியலோ உருப்படியா ஒண்ணு கத்துக்க. சேரப்போற காலேஜ்ல ஒரே ஒரு கேள்வி கேளு. பசங்க பத்திரிகை நடத்துறாங்களா, அதைக் காம்பவுண்டுக்கு வெளிய யாராவது படிக்காங்களா?"

ரெண்டு நாள் கழிச்சு அவளே கூப்பிட்டா.

"அண்ணே, அந்தக் காலேஜ்ல படிக்கிற மூணு பேர்கிட்ட தனித்தனியா கேட்டுட்டேன். வருஷத்துக்கு ஒரு மலர்தானாம். அதுலயும் பாதிப் பக்கம் ஆண்டு விழா போட்டோவாம். நான் வேற காலேஜ் பாக்கப் போறேன்."

மூணு பேர்கிட்ட. தனித்தனியா. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல.

சித்தி இப்ப என்கூடப் பேசறதில்ல. பத்திரிகைத் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது இருந்தா, அவ பார்க்கிற மாதிரி நல்லதோ கெட்டதோ உண்மையா ரெண்டு வரி பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்.