சோழர் வழித்தடம் – 14
கேட்டே ஆணையிட்ட இளைய பிராட்டி

பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், கி.பி. 1068-ஐ ஒட்டிய வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலசாலை (மருத்துவமனை) ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கு அது. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவரும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், இரவு விளக்கு என எதையும் அந்தக் கணக்கு விடவில்லை.

இந்த அறம் அவன் காலத்தில் தோன்றியதல்ல. தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர ஆதுலசாலைக்கு நிலம் கொடுத்தவர் குந்தவை. ராஜராஜனின் அக்காள், வீரராஜேந்திரனுக்கு அத்தைப் பாட்டி முறை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன், தான் கொடுத்ததை முதலில் வைத்தான். அடுத்த இடத்தை அக்காளுக்குக் கொடுத்தான். அரசியர் அதற்குப் பின்னரே வருகிறார்கள்.

ஆனாலும் குந்தவை எப்படிப் பேசினார், எதற்குச் சிரித்தார், எதற்குச் சினந்தார் என்று கல்வெட்டு சொல்லாது. அந்தக் குரலைக் கற்பனையில் உண்டாக்கியவர் கல்கி. 1950-இல் தொடங்கி 1954 வரை தம் வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது, அவர் மூன்று பெண்களுக்கு மூன்று விதமான தமிழ் கொடுத்தார்.

கோடிக்கரைப் பூங்குழலியின் பேச்சில் பூச்சே கிடையாது. தன் காதலர்கள் யார் என்றால், சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டுவாள். அரண்மனை வழக்கம் தெரியாத அந்த வாய்த் துடுக்குதான் அவளுடைய சுதந்திரம். நந்தினியின் பேச்சோ தேன். எதிரே நிற்பவர் கேட்க விரும்புவதையே சொல்லி, அவரைத் தன் வசத்தில் வைத்துக்கொள்வாள்.

குந்தவைக்குக் கல்கி தேர்ந்தது கேள்வி. அவள் நேராக உத்தரவு போடுவது குறைவு. எதிரில் இருப்பவரே விடையைச் சொல்லும்படி கேட்பாள். சொன்ன பிறகு அதுவே அவருடைய கடமையாகிவிடும். அவளுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனின் ஓலையைக் காஞ்சியிலிருந்து சுமந்து வந்த வீரன் வந்தியத்தேவன், இந்தப் பேச்சில் மயங்கித்தான் அடுத்த ஓலையோடு இலங்கைக்குக் கிளம்புகிறான். அவனைக் கோடிக்கரை வரை அனுப்ப அவள் கண்டுபிடிக்கும் சாக்கு என்ன தெரியுமா? வைத்தியர் மகனோடு மூலிகை சேகரிக்கப் போவது! ஆதுலசாலை கட்டும் கருணையும் ராஜ்யத்தைக் காக்கும் சாமர்த்தியமும் ஒரே மனத்தில் இருப்பதை, ஒரு பயண ஏற்பாட்டிலேயே கல்கி காட்டிவிடுகிறார்.

பெயரிடுவதிலும் அதே நுட்பம். குந்தவை ‘இளைய பிராட்டி’. நந்தினி ‘பழுவூர் இளைய ராணி’. கதைசொல்லி இப்படி மாற்றி மாற்றி அழைக்கும்போதே இருவருக்கும் நடுவே போட்டி மூண்டுவிடுகிறது. நேருக்கு நேர் பேசும்போது மரியாதைச் சொல்லுக்கு இருவரிடமும் குறைவில்லை. ஒவ்வொரு உபசார வார்த்தைக்கும் அடியில், உனக்கு என்ன தெரியும் என்ற சோதனை ஓடுகிறது.

அதே குந்தவை தோழி வானதியிடம் பேசும்போது கேலியும் கொஞ்சலும் வந்துவிடும். நோயுற்ற தந்தையின் அருகில் குரல் தணியும். வந்தியத்தேவன் முன்னால் மட்டும், எல்லோரையும் வார்த்தையால் நடத்திச் செல்பவள் கொஞ்சம் தடுமாறுவாள். ஆளுக்கு ஆள் மாறும் இந்தப் பேச்சால்தான் அவள் உயிருள்ள பெண்ணாகிறாள். வாள் எடுத்துச் சண்டை போடாத ஒருத்தியை வீரப் பெண்ணாகத் தமிழ் வாசகர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுவே என்பேன்.

தம்பிக்கு அடுத்த இடத்தில் நின்று கொடை தந்த ஒரு சோழப் பெண் கெஞ்சிப் பேசியிருக்க மாட்டாள் என்பதைக் கல்கி சரியாக உணர்ந்தார். கல்வெட்டு கொடையைச் சொல்லிற்று. அதைக் கொடுத்தவளின் மிடுக்கைக் கல்கியின் உரையாடல் சொல்லிற்று. பழங்காலப் பெண்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் அவர்களுக்கு அழகை அள்ளிக் கொடுப்பதற்கு முன், அவர்களுக்கென்று ஒரு பேச்சைக் கொடுக்க வேண்டும். அதற்குக் குந்தவையைவிட நல்ல பாடம் நம் மொழியில் இல்லை.

குந்தவைக்கு முன்பே செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)