ஒளி விலகலும் ஓர் ஏட்டுச் சுவடியும்

தலைமுடியளவே பருமனுள்ள கண்ணாடி இழை இன்று வெப்பத்தை அளக்கும் கருவியாகியுள்ளது. இழையின் ஒரு சிறு பகுதியில் மேலுறையை நீக்கி, பட்டுப் புரதம், சால்மன் மீனின் டி.என்.ஏ. போன்ற உயிர்ப்பொருள்களை மெல்லிய படலமாகப் பூசி ஆய்வாளர் சோதிக்கின்றனர். வெப்பம் ஏறும்போது அப்படலத்தின் ஒளிவிலகல் எண் மாறுகிறது. இழையினுள் செல்லும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அம்மாற்றத்தைக் கணித்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். இழையில் மின்னோட்டம் இல்லையாதலால், வலிய காந்தப்புலமுள்ள இடங்களிலும் அது பயன்படும்.

இக்கருவிக்கு அடிப்படை ஒளிவிலகல் விதியாகும். தாலமி விலகற் கோணங்களை அட்டவணையிட்டார். எனினும் மாறாத விகிதத்தை அவர் காணவில்லை. ஏறத்தாழ கி.பி. 984-இல் பக்தாதின் இப்னு ஸஹ்ல், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றிய தமது நூலில் அவ்விகிதத்தை வடிவகணித முறையில் வரைந்து காட்டினார். ஐரோப்பாவில் ஸ்னெல் அதனைக் கண்டது 1621-இல்தான்.

ஆயினும் அந்த விதி வழிவழியாகக் கைமாறவில்லை. இப்னு ஸஹ்லின் எழுத்தை அறிந்திருந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் ஏழாம் பகுதியில் ஒளிவிலகலை விரிவாகச் சோதித்தார். ஆனால் அவ்விகிதத்தை எடுத்தாளவில்லை. லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது அவரது நூலே. இப்னு ஸஹ்லின் ஏடுகளோ டமஸ்கஸிலும் தெஹ்ரானிலுமாகச் சிதறிக் கிடந்தன. ருஷ்தி ராஷித் அவற்றை இணைத்துப் படித்து, 1990-இல் வெளியிட்ட ஆய்வே அவருக்குரிய இடத்தை மீட்டுத் தந்தது.

ஒளியிழையை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. வரலாறு அதனை ஏற்காது. பாயும் நீர்த்தாரையினுள் ஒளியைச் செலுத்திக் காட்டியவர் ஜெனீவாவின் கொலாடன் (1841). தூய கண்ணாடி இழையில் செய்தியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966-இல் நிறுவியவர் சார்லஸ் காவ். இப்னு ஸஹ்லின் ஏடு ஸ்னெலின் கைக்கு எட்டியது என்பதற்குச் சான்றும் இல்லை.

அதனால் இப்னு ஸஹ்லின் பெருமை குறைந்துவிடாது. குறை நம் பராமரிப்பில்தான் உள்ளது. எழுதிய அறிவைப் படியெடுத்து, கற்பித்து, சோதித்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்காவிடில், அது ஆயிரம் ஆண்டுகள் அலமாரியில் உறங்கும். பட்டியலிடப்படாத அரபுச் சுவடிகள் இன்னும் எத்தனையோ நூலகங்களில் உள்ளன. முன்னோரைப் புகழ்வதினும் அவற்றைத் திறந்து படிப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன்.