பாவனை நிரலும் உண்மைக் கெர்னலும்

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நிரல் எழுதுவது மேதைகளின் வேலை என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. அதன் வரலாற்றைப் பார்த்தால் கற்பவரின் அறிவுக்கும் அந்த எண்ணத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. கைக்கு எது எட்டியது, எது எட்டவில்லை என்பதே காரணம். 1976-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலையே பாடமாக நடத்தினார். மாணவர்கள் உண்மையான கெர்னலைப் படித்தார்கள். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் நடத்தத் தடை போட்டது. பல கல்லூரிகளில் கோட்பாடு மட்டுமே மிஞ்சியது. ஆன்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதி வெளியிட்டது மாணவர் கையில் மறுபடியும் ஒரு கெர்னலைக் கொடுக்கத்தான்.

1991-இல் லினக்ஸ் வந்ததும் மூலநிரல் எல்லோருக்குமானது. ஆனாலும் தொடக்கநிலையாளருக்கு வழி திறந்துவிட்டது கெர்னல் மாட்யூல்தான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்தாமலே அதில் ஒரு பாகத்தை மாட்டிக் கழற்றுவது போன்ற இந்த வசதி, 1995-இல் வந்த 1.2 பதிப்பிலேயே இருந்தது. கெர்னல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. முதல் மாட்யூலில் இரண்டே ஃபங்ஷன்கள்: உள்ளே போகும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. ‘இன்ஸ்மாட்’ கட்டளை கொடுத்தால் ஏறும், ‘ஆர்எம்மாட்’ கொடுத்தால் இறங்கும். ‘பிரிண்ட்கே’ எழுதிய வரியை ‘டிமெஸ்ஜி’ காட்டும். மாட்யூல் எழுதக் கற்றுத்தரும் ஓரி பொமரான்ட்ஸின் வழிகாட்டி 1999-இல் வந்தது. லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் நூலின் மூன்றாம் பதிப்பு 2005-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைத்தது. ஒரு சிக்கல் உண்டு: கெர்னலின் உள் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் மாட்யூல் கட்டும் முறையே மாறியது, கோப்பின் பெயர்கூட ‘.ஓ’ என்பதிலிருந்து ‘.கேஓ’ ஆனது. பழைய புத்தகத்தை அப்படியே தட்டச்சு செய்தவருக்குப் பிழைச்செய்திதான் வந்திருக்கும். அதைத் தன் அறிவுக்குறை என்று எண்ணிக் கைவிட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மல்லாங்கிணறு போன்ற சிற்றூருக்கு மீதமிருந்த தடை, கணினி இல்லாததுதான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. மானாவாரிக் காட்டை நம்பிய வீட்டுக்குள் மூலநிரல் திறந்த ஒரு கெர்னல் அப்படி வந்து சேர்ந்தது. பக்கத்துக் காரியாபட்டி வட்டாரத்திலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வராமல் நின்றது பாடத்திட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறைப்படியான இயங்குதள ஆய்வகத்தைப் பாருங்கள்: சிபியு ஷெட்யூலிங், பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் மாற்றும் முறைகள். இவையெல்லாம் கெர்னல் செய்வதைப் பாவனை செய்யும் சாதாரண சி நிரல்கள். 1979-இன் தடை நீங்கி எத்தனையோ ஆண்டுகளாகியும் அதன் பழக்கம் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தவறான ஒரு பாயிண்டர் மொத்தக் கணினியையும் நிறுத்திவிடும், பலர் பகிரும் ஆய்வகத்தில் அதை அனுமதிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. வீட்டில் ஒரே மடிக்கணினி வைத்திருப்பவரின் அச்சமும் அதுதான். ஆனால் 2003-இல் க்யூஇஎம்யு, 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் என மெய்நிகர்க் கணினி மென்பொருள்கள் வந்த பிறகு, கெடுவது கணினிக்குள் ஓடும் இன்னொரு பொய்க்கணினி மட்டுமே. கோட்பாடு தெரியாமல் கைவைப்பது வீண் என்போரும் உண்டு. கோட்பாடு வேண்டும்தான், லயன்ஸ் அதை மூலநிரலோடு சேர்த்தே நடத்தினார். வன்பொருள் தெரியாதவர் டிரைவர் எழுத முடியாது என்பதும் உண்மையே, ஆனால் முதல் மாட்யூல் எந்த வன்பொருளையும் தொடுவதில்லை. வேலைவாய்ப்பு குறைவு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை; மாணவரின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது.

இயங்குதள ஆய்வகத்தின் பாவனைப் பயிற்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மாட்யூல் ஒன்றை ஏற்றி இறக்கும் பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். பாடத்திட்டம் வகுப்பவர்கள் அடுத்த திருத்தத்திலேயே இதைச் செய்யலாம். புதிதாக ஒரு கணினிகூட வாங்க வேண்டியதில்லை.